எக்ஸ்டெண்டட் வாரன்டி க்ளெய்ம் நிராகரிப்பா? ஒர்க்‌ஷாப்பிலிருந்து நுகர்வோர் ஆணையம் வரை முழுமையான வழிகாட்டி

பழைய கார் வாங்கும்போது கையோடு ஓர் எக்ஸ்டெண்டட் வாரன்டியையும் சேர்த்து விற்கிறார்கள். கார் தயாரித்த கம்பெனி தருவதல்ல இது. டீலரோ, கார் விற்கும் ஆப்போ, அவர்களோடு ஒப்பந்தம் போட்ட வேறொரு நிறுவனமோ தருவது. சில மாதம் கழித்து எஞ்சின் சூடாகி வண்டி ரோட்டில் நிற்கும். க்ளெய்ம் போட்டால் "தேய்மானம், கவர் ஆகாது" என்று ஒற்றை வரியில் பதில் வரும். பலர் அதோடு கைக்காசைப் போட்டுச் சரிசெய்துகொண்டு போய்விடுகிறார்கள்.

அந்த ஒற்றை வரி தீர்ப்பு அல்ல. க்ளெய்மை மறுப்பவர் இரண்டு கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும்: ஒப்பந்தத்தின் எந்த விதிப்படி மறுக்கிறீர்கள்? அந்த விதியில் சொன்ன காரணத்தால்தான் இந்தப் பாகம் கெட்டது என்பதற்கு என்ன ஆதாரம்? இரண்டாவது கேள்விக்குப் பல நிராகரிப்புகளில் பதிலே இருக்காது. ஆனால் அதைக் காட்டுவதற்கான சாட்சியம் ஒர்க்‌ஷாப்பில்தான் கிடக்கிறது, சில நாளில் குப்பைக்குப் போய்விடும். அதனால் முதல் வேலை ஒர்க்‌ஷாப்பில்.

வண்டி நின்ற நாளும் மறுநாளும்

சூடு முள் ஏறினாலோ, ஆயில் விளக்கு எரிந்தாலோ உடனே ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணையுங்கள். "பக்கத்திலேதான் மெக்கானிக்" என்று ஓட்டிப் போகும் சில கிலோமீட்டரே பின்னால் "பழுது தெரிந்தும் தொடர்ந்து ஓட்டினார்" என்று மாறும். டேஷ்போர்டை விளக்கும் கிலோமீட்டரும் தெரிய ஒரு போட்டோ எடுங்கள். ரெக்கவரி வண்டியின் ரசீதில் நேரமும் இடமும் எழுதச் சொல்லுங்கள். அன்றைய ஃபாஸ்டேக் ஸ்டேட்மென்ட்டை டவுன்லோடு செய்து வையுங்கள். கடைசி டோலைக் கடந்த நேரத்தையும் ரெக்கவரி ரசீதின் நேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், வண்டி எவ்வளவு தூரம் ஓடியிருக்க முடியும் என்பது தானாகத் தெரிந்துவிடும்.

அன்றே வாரன்டி நிறுவனத்துக்குத் தகவல் சொல்லுங்கள். எத்தனை மணி நேரத்துக்குள் சொல்ல வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருக்கும். போனில் சொன்னால் மட்டும் போதாது. சொன்ன விவரத்தை இமெயிலிலும் அனுப்பி, க்ளெய்ம் எண்ணைக் கேட்டு வாங்குங்கள்.

அடுத்தது ஜாப் கார்டு, அதாவது வண்டியை உள்ளே எடுக்கும்போது உங்கள் புகாரை எழுதும் தாள். சர்வீஸ் அட்வைசர் கேட்கும்போது "கொஞ்ச நாளாவே லேசா சூடாகுதுங்க" என்று பேச்சுவாக்கில் சொல்வது அப்படியே கார்டில் ஏறும். க்ளெய்ம் பார்ப்பவர் அதை "பழைய பழுது, அலட்சியம்" என்று படிப்பார். உண்மையைச் சொல்லுங்கள், ஆனால் துல்லியமாக: எந்த நாள், எத்தனை கிலோமீட்டரில், என்ன விளக்கு, எப்போது நிறுத்தினீர்கள். கையெழுத்துப் போடும் முன் வாடிக்கையாளர் புகார் என்ற கட்டத்தைப் படித்துப் பாருங்கள். நீங்கள் சொல்லாதது இருந்தால் அடித்துத் திருத்தச் சொல்லி, நகலை வாங்கிக்கொள்ளுங்கள்.

ஸ்கேனர் போடும்போது கூடவே நில்லுங்கள். பிழைக் குறியீடு பதிவாகும் அந்தக் கணத்தில் கூலண்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) வெப்பம், ஆர்பிஎம், வேகம் எல்லாவற்றையும் வண்டியின் கம்ப்யூட்டர் சேமித்து வைக்கும். இதை ஃப்ரீஸ் ஃப்ரேம் என்பார்கள். செக் எஞ்சின் விளக்கு எரிந்தபின் வண்டி எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்றும் பல கார்களில் பார்க்க முடியும். அந்த எண் 1 அல்லது 2 என்று இருந்தால் "தொடர்ந்து ஓட்டினார்" என்ற வாதம் அங்கேயே விழுந்துவிடும். குறியீட்டை அழித்தால் இவை மொத்தமும் போய்விடும். எனவே அழிக்கும் முன் ரிப்போர்ட்டைப் பிரின்ட் எடுக்கச் சொல்லுங்கள், அல்லது திரையைப் போட்டோ எடுங்கள்.

எஞ்சினைப் பிரித்துப் பார்த்தால்தான் முடிவு சொல்வோம் என்பார்கள். க்ளெய்ம் நிராகரிக்கப்பட்டால் பிரித்த கூலி உங்கள் தலையில்தான் விழும் என்று பல ஒப்பந்தங்களில் இருக்கும். எதுவரை பிரிப்பது, கூலி எவ்வளவு, யார் சொல்லிப் பிரிக்கிறார்கள் ஆகிய மூன்றையும் எழுத்தில் வாங்கியபின் ஒப்புதல் கொடுங்கள். கூடவே ஒர்க்‌ஷாப்புக்கு ஒரு வரி அனுப்பிவிடுங்கள்: "கழற்றும் எந்தப் பாகத்தையும் என் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் வெளியே கொடுக்கவோ, லேத்துக்கு அனுப்பவோ, அப்புறப்படுத்தவோ வேண்டாம்."

ஒப்பந்தத்தில் யார் யார்?

உங்களிடம் விற்றவர் ஒருவர். க்ளெய்மைப் பார்த்து ஒப்புதல் தரும் நிர்வாக நிறுவனம் இன்னொருவர். கடைசியில் பணம் தரும் பொறுப்பு மூன்றாவது ஒருவருக்கு இருக்கலாம். சில நேரம் அது இன்சூரன்ஸ் கம்பெனி. சான்றிதழின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் இந்தப் பெயர்கள் இருக்கும். மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் கடிதமும் நோட்டீஸும் மூவருக்கும் போக வேண்டும். ஒருவருக்கு மட்டும் எழுதினால் "எங்களுக்குத் தொடர்பில்லை" என்று மற்றவரைக் கைகாட்டுவார்கள்.

பிறகு பாகங்களின் பட்டியல். சில ஒப்பந்தங்கள் கவர் ஆகும் பாகங்களைப் பெயர் சொல்லிப் பட்டியலிடும். அதில் இல்லாதது கிடையாது. சில ஒப்பந்தங்கள் விலக்குகளை மட்டும் பட்டியலிட்டு மற்றதெல்லாம் உண்டு என்னும். உங்களுடையது எந்த வகை என்பதைப் பொறுத்து வாதமே மாறும். கூடவே உச்சவரம்பு, ஒவ்வொரு க்ளெய்முக்கும் நீங்கள் கட்ட வேண்டிய தொகை, காத்திருப்புக் காலம், ஜிஎஸ்டி அடங்குமா என்பதையும் பாருங்கள்.

வாங்கும்போது உங்கள் கைக்கு வந்தது ஒரு பக்கச் சான்றிதழ் மட்டும்தானா, முழு விதிமுறையும் வந்ததா? இதையும் தேதியோடு குறித்து வையுங்கள். இன்சூரன்ஸ் வழக்கான பாரத் வாட்ச் கம்பெனி வழக்கில், பாலிசிதாரருக்குத் தெரிவிக்காத விலக்கு விதியை அவர் மேல் சுமத்த முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2019இல் சொன்னது. வாரன்டி ஒப்பந்தத்துக்கும் அதே தர்க்கத்தை எடுத்து வைக்கலாம். நிராகரித்த பிறகு முதல்முறையாக 14 பக்க விதிமுறையை மெயிலில் அனுப்பினால், அந்த மெயிலே உங்களுக்குச் சாதகமான சாட்சி.

நிராகரிப்பை எழுத்தில் வாங்குவது

"ரிஜெக்ட் ஆயிடுச்சு சார்" என்று ஒர்க்‌ஷாப் சொல்வதை நிராகரிப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வாரன்டி நிறுவனத்துக்கு இமெயில் அனுப்பி நான்கு விஷயம் கேளுங்கள்: விதியின் எண்ணும் முழு வாசகமும், பாகம் கெட்டதற்கு அவர்கள் சொல்லும் காரணம், வண்டியைப் பார்த்தவரின் ரிப்போர்ட்டும் போட்டோக்களும், முடிவெடுத்தவரின் பெயர், பதவி. 7 நாள் கெடு வைக்கலாம். பதில் வராவிட்டாலும் நீங்கள் கேட்டது பதிவாகிவிடும். காரணம் சொல்ல மறுத்ததே சேவைக் குறைபாட்டுக்கு ஒரு ஆதாரமாகப் பின்னால் நிற்கும்.

எழுத்தில் வாங்குவதில் இன்னொரு பயன் உண்டு. இன்று "தேய்மானம்" என்றவர்கள் நீங்கள் அதை உடைத்ததும் நாளை "சர்வீஸ் தவறியது" என்பார்கள். முதல் கடிதம் கையில் இருந்தால், காரணத்தை மாற்றிக்கொண்டே போவதை நுகர்வோர் ஆணையத்தில் காட்ட முடியும்.

வழக்கமாகச் சொல்லும் காரணங்களும் அவற்றை உடைக்கும் வழியும்

*தேய்மானம்.* அதிகம் சொல்லப்படும் காரணம், ஆதாரம் குறைவாக இருக்கும் காரணமும் இதுதான். கிளட்ச் பிளேட், பிரேக் பேட், வைப்பர் போன்றவை தேய்வதற்கென்றே இருப்பவை; அவற்றுக்காகச் சண்டை போட வேண்டாம். ஆனால் கவர் ஆகும் பட்டியலில் பெயர் சொல்லி இருக்கும் டர்போவையோ வாட்டர் பம்ப்பையோ தேய்மானம் என்றால் ஒரே கேள்வி: அளந்தீர்களா? டர்போ ஷாஃப்ட்டின் ஆட்டம் எத்தனை மில்லிமீட்டர், தயாரிப்பாளர் மேனுவலில் வரம்பு எத்தனை? அளவு இல்லாமல் கண்ணால் பார்த்துச் சொன்னது வெறும் அபிப்பிராயம். ஒப்பந்தத்தில் "மெக்கானிக்கல் பழுது" என்பதற்கு என்ன விளக்கம் தந்திருக்கிறார்கள் என்றும் பாருங்கள். திடீரென்று வேலை செய்யாமல் போவது என்று அதிலேயே இருந்தால் அந்த வாசகத்தைத் திருப்பிக் காட்டுங்கள்.

*சர்வீஸ் தவறியது.* பெரும்பாலும் 10,000 கிலோமீட்டர் அல்லது 1 வருடம், எது முதலில் வருகிறதோ அது என்ற கணக்கு. வருடக் கணக்கைப் பலர் கவனிப்பதில்லை. சில ஒப்பந்தம் சில நூறு கிலோமீட்டரோ சில நாளோ சலுகை தரும், படித்துப் பாருங்கள். வெளி மெக்கானிக்கிடம் சர்வீஸ் செய்திருந்தால் தேதி, வண்டி எண், கிலோமீட்டர், ஆயில் கிரேடு, எத்தனை லிட்டர் என்பதோடு பில் வேண்டும். பில் இல்லாவிட்டால் ஆயில், ஃபில்டர் வாங்கிய கடை ரசீது, மெக்கானிக்குக் கட்டிய யுபிஐ பதிவு, மெக்கானிக்கின் கையெழுத்துக் கடிதம் ஆகியவற்றைச் சேர்த்துக் கொடுங்கள்.

ஒரு சர்வீஸ் உண்மையிலேயே தள்ளிப்போயிருந்தால் மறைக்க வேண்டாம். தொடர்பைக் கேளுங்கள். ஆயில் மாற்ற 900 கிலோமீட்டர் தாமதமானதற்கும் ஏசி கம்ப்ரஸர் கிளட்ச் எரிந்ததற்கும் என்ன சம்பந்தம்? ஆயிலோடு தொடர்புள்ள பாகம் கெட்டிருந்தால் மட்டும் இந்த வாதம் பலவீனமாகும். அப்போது ஆயிலையே சாட்சியாக்கலாம். வடிக்கும்போது சுத்தமான பாட்டிலில் 100 மில்லி வீதம் இரண்டு மாதிரி எடுத்து, மூடி சீல் வைத்து, தேதியும் வண்டி எண்ணும் எழுதுங்கள். ஒன்றை லேபுக்கு அனுப்பி, மற்றதை வைத்துக்கொள்ளுங்கள். பிசுபிசுப்பு கிரேடுக்குள் இருந்து, இரும்பும் செம்பும் வழக்கத்துக்கு மீறாமல் இருந்தால் "ஆயில் மாற்றாததால் எஞ்சின் தேய்ந்தது" என்பது நிற்காது.

*வெளியே வேலை பார்த்ததால் வாரன்டி ரத்து.* 2014 ஆகஸ்ட் 25 அன்று இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் 2,544.65 கோடி ரூபாய் அபராதம் விதித்த உத்தரவில், வெளி மெக்கானிக்கிடம் போனாலே வாரன்டி மொத்தமும் ரத்து என்று நிபந்தனை போடக் கூடாது என்று சொன்னது. வெளியே செய்த தவறான வேலையால் ஏற்பட்ட சேதம் எவ்வளவோ அந்த அளவுக்கு மட்டுமே மறுக்கலாம் என்பது அதன் சாரம். அது கார் தயாரிப்பாளர்கள் மேல் வந்த உத்தரவு, அதன்மேல் மேல்முறையீடுகளும் நடந்தன. மூன்றாம் நிறுவன வாரன்டியை அது நேரடியாகக் கட்டாது. ஆனாலும் வெளி வேலைக்கும் பழுதுக்கும் தொடர்பு காட்ட வேண்டும் என்ற நியாயத்தைச் சொல்ல நல்ல ஆதாரம்.

*வாங்கும் முன்பே இருந்த பழுது.* கார் விற்றவர்களே நூற்றுக்கணக்கான இடங்களைப் பரிசோதித்ததாக ஒரு ரிப்போர்ட் கொடுத்திருப்பார்கள். விளம்பரத்துக்குப் போட்ட அந்த ரிப்போர்ட்தான் உங்களுக்கு மிக வலுவான காகிதம். எஞ்சின், கூலண்ட், கியர்பாக்ஸ் வரிசையில் "நன்று" என்று டிக் இருந்தால் அதை வட்டமிட்டு இணையுங்கள். ஆப்பில் மட்டும் இருந்தால் இன்றே டவுன்லோடு செய்துவிடுங்கள்.

*முன் அனுமதி இல்லாமல் ரிப்பேர்.* இது மட்டும் கடினம். அனுமதி கேட்டு அனுப்பிய மெயிலும், பதில் வராத நாட்களின் கணக்கும் இருந்தால்தான் பேச முடியும்.

கேஸ் கிட் மாட்டியது, எஞ்சின் ரீமேப் (சக்தி கூட எஞ்சின் கம்ப்யூட்டரின் அமைப்பை மாற்றுவது) செய்தது, வெள்ளத்தில் நின்றது போன்றவை உண்மையானால் பெரும்பாலும் க்ளெய்ம் தேறாது. உண்மை இல்லையென்றால் போட்டோவோடு மறுத்துவிடலாம்.

ஹெட் கேஸ்கெட்: ஒரு க்ளெய்மைக் கிட்ட வைத்துப் பார்ப்போம்

எஞ்சின் சூடாகி ஹெட் கேஸ்கெட் (எஞ்சின் பிளாக்குக்கும் அதன் மேல் மூடியான சிலிண்டர் ஹெட்டுக்கும் நடுவில் இருக்கும் அடைப்புத் தகடு) போன க்ளெய்ம்களில் "தொடர் சேதம்" என்ற விதியைத்தான் நீட்டுவார்கள். கவர் ஆகாத பாகம் கெட்டு, அதனால் கவர் ஆகும் பாகம் போனால் தர மாட்டோம் என்பது அந்த விதி. அதனால் கேஸ்கெட் போனது என்பதோடு நிற்கக் கூடாது. எஞ்சின் எதனால் சூடானது என்பதுதான் வழக்கு. ரப்பர் ஹோஸ் வெடித்து கூலண்ட் கொட்டியிருந்தால் ஹோஸ் விலக்குப் பட்டியலில் இருக்கும். வாட்டர் பம்ப் சீல் போயிருந்தால் பல ஒப்பந்தங்களில் பம்ப் கவர் ஆகும். அப்போது பம்ப்பால் வந்த கேஸ்கெட் சேதமும் கவர் ஆகும் பாகத்தின் வழியே வந்தது. ஒரே கேஸ்கெட், ஒரே பில், ஆனால் மூல காரணத்தைப் பொறுத்து பணம் கட்டுபவர் மாறுகிறார்.

ஆகவே பிரிக்கும் முன் கூலண்ட் சிஸ்டத்துக்குக் காற்றழுத்தம் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். எங்கே கசிகிறதோ அங்கே வீடியோ. பம்ப்பின் அடியில் இருக்கும் சின்ன ஓட்டை வழியாகக் கூலண்ட் வழிந்த தடம், காய்ந்த உப்பு போலப் படிந்திருந்தால் சீல் போனதன் அடையாளம். அதையும் கிட்டப் போட்டோ எடுங்கள். ரேடியேட்டர் ஃபேன் ஓடுகிறதா, தெர்மோஸ்டாட் திறக்கிறதா என்று சோதித்து ஜாப் கார்டில் எழுதச் சொல்லுங்கள். கூலண்டில் புகை கலந்திருக்கிறதா என்று பார்க்கும் நீலத் திரவச் சோதனை மலிவானது. பெட்ரோல் எஞ்சினில் புகை கலந்திருந்தால் நீலம் மஞ்சளாகும்.

ஹெட்டைக் கழற்றியதும் வழக்கமாக என்ன நடக்கும்? "ஹெட் பெண்ட் ஆயிடுச்சு" என்று அன்று சாயங்காலமே லேத்துக்கு ஃபேஸிங் (மேற்பரப்பைச் சீவிச் சமமாக்கும் வேலை) போய்விடும். ஃபேஸிங் செய்த ஹெட்டில் சாட்சியம் ஏதும் மிஞ்சாது. அனுப்பும் முன் ஸ்ட்ரெயிட் எட்ஜை (நேரான இரும்புப் பட்டை) நீளம், அகலம், இரண்டு மூலைவிட்டம் என்று வைத்து, ஃபீலர் கேஜால் (மெல்லிய அளவுத் தகடுகள்) இடைவெளியை அளக்கச் சொல்லுங்கள். பல எஞ்சின்களில் வரம்பு 0.05 மில்லிமீட்டர் அளவில்தான் இருக்கும். உங்கள் எஞ்சினின் சரியான எண்ணை ஒர்க்‌ஷாப் மேனுவலில் பார்த்து அளவுக்குப் பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள். கேஸ்கெட் எங்கே வெடித்திருக்கிறது, எந்த இரண்டு சிலிண்டருக்கு நடுவில் என்று தெரியும்படி போட்டோ எடுங்கள். ஒவ்வொரு பாகத்தையும் எஞ்சின் எண் எழுதிய தாளோடு வைத்துப் படம் பிடித்தால் "இது வேறு வண்டியின் பாகம்" என்ற பேச்சு வராது.

ஒர்க்‌ஷாப் ரிப்போர்ட்டில் கடைசியாக வேண்டியது ஒரே வாக்கியம்: மூல காரணம் வாட்டர் பம்ப் சீல் கசிவு, அதனால் கூலண்ட் குறைந்தது, அதனால் ஹெட் வளைந்து கேஸ்கெட் போனது. அந்த வரிசையில் எழுதி, கையெழுத்தும் சீலும் போட்டு வாங்குங்கள். சோதனையில் ஹோஸ்தான் காரணம் என்று தெரிந்தால், மேலே செலவு செய்யும் முன் விலக்குப் பட்டியலை ஒருமுறை நிதானமாகப் படித்துவிட்டு முடிவெடுங்கள்.

வெளி நிபுணரின் ரிப்போர்ட்

வாரன்டி நிறுவனத்தின் ஆள் ஒன்று சொல்ல, ஒர்க்‌ஷாப் வேறு சொன்னால் மூன்றாவது கண் வேண்டும். மோட்டார் பிரிவில் லைசென்ஸ் பெற்ற இன்சூரன்ஸ் சர்வேயர் நல்ல தேர்வு. இன்ஜினியரிங் அல்லது பாலிடெக்னிக் கல்லூரியின் ஆட்டோமொபைல் துறை ஆசிரியரும் பொருத்தமானவர். அவர் வரும் தேதியை எதிர்த் தரப்புக்கு 3 நாள் முன்பாவது மெயிலில் சொல்லி, ஆள் அனுப்ப அழையுங்கள். வராவிட்டால் அது அவர்கள் விட்டுவிட்ட வாய்ப்பு. ரிப்போர்ட்டில் நிபுணரின் தகுதி, பார்த்த தேதி, எடுத்த அளவுகள், காரணம் பற்றிய முடிவு ஆகியவை இருக்க வேண்டும். அளவு இல்லாத ரிப்போர்ட்டுக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

மேல்முறையீட்டுக் கடிதம்

கோபத்தை எழுதாதீர்கள். ஒன்றரைப் பக்கம் போதும். அமைப்பு இப்படி இருக்கலாம்:

> பொருள்: க்ளெய்ம் எண் ____, வண்டி எண் ____. நிராகரிப்பை மறுபரிசீலனை செய்யக் கோருதல்.
>
> ____ தேதியிட்ட கடிதத்தில் விதி ____ஐக் காட்டி க்ளெய்மை நிராகரித்துள்ளீர்கள்.
>
> 1. வாட்டர் பம்ப், சிலிண்டர் ஹெட், ஹெட் கேஸ்கெட் ஆகியவை ஒப்பந்தத்தின் பக்கம் ____இல் கவர் ஆகும் பாகங்களாக உள்ளன.
> 2. பழுதின் மூல காரணம் வாட்டர் பம்ப் சீல் கசிவு என்று ஒர்க்‌ஷாப் ரிப்போர்ட்டும் நிபுணர் ரிப்போர்ட்டும் கூறுகின்றன. இணைப்பு 4, 5.
> 3. நீங்கள் காட்டிய விதி பொருந்துவதற்கான அளவீடோ சோதனையோ உங்கள் கடிதத்தில் இல்லை.
>
> ரூ. ____ஐ 15 நாட்களுக்குள் வழங்கக் கோருகிறேன். மறுப்பதானால் காரணத்தையும் ஆதாரத்தையும் எழுத்தில் தரவும். கழற்றிய பாகங்கள் ____இல் பாதுகாக்கப்பட்டுள்ளன. முன்கூட்டித் தெரிவித்து நீங்கள் ஆய்வு செய்யலாம்.

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். பாகத்தைக் காட்டத் தயாராக இருந்தவர் நீங்கள் என்பது பின்னால் பெரிதாக நிற்கும். க்ளெய்ம் பிரிவு வெளிமாநிலத்தில் இருந்தால் இதையே ஆங்கிலத்திலும் அனுப்புங்கள்.

தொகையைப் பிரித்துக் காட்டுங்கள். உதாரணமாகப் பாகம் 52,000, கூலி 14,000, சேர்த்து 66,000. 18% ஜிஎஸ்டி 11,880. மொத்தம் 77,880. ஒப்பந்தப்படி உங்கள் பங்கு 2,500 என்றால் கேட்க வேண்டியது 75,380 ரூபாய். உங்கள் பங்கை நீங்களே கழித்துக் காட்டினால் கணக்கின் மேல் நம்பிக்கை வரும். ரெக்கவரி, நிபுணர் கட்டணம், ஒர்க்‌ஷாப் பார்க்கிங் கட்டணம் ஆகியவற்றைத் தனித் தலைப்பில் கேளுங்கள்.

பாதித் தொகை தருகிறோம் என்று வந்தால் "முழுமையான, இறுதியான தீர்வு" என்ற வாசகம் வவுச்சரில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், மீதியை விட்டுவிடத் தயாராக இருந்தால் மட்டும் கையெழுத்துப் போடுங்கள்.

வண்டி உடனே வேண்டும் என்றால்

பிழைப்பே வண்டியில் இருப்பவர்கள் மாதக்கணக்கில் காத்திருக்க முடியாது. கைக்காசில் ரிப்பேர் செய்வதாலேயே உரிமை போய்விடாது, முறையாகச் செய்தால். "7 நாளில் வந்து பார்க்காவிட்டால் என் செலவில் சரிசெய்வேன், தொகையைக் கோரும் உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை" என்று முதலில் மெயில் அனுப்புங்கள். கெடு முடிந்தபின் ரிப்பேர் செய்யுங்கள். பழைய பாகங்களை உங்கள் வீட்டுக்கே கொண்டுவந்துவிடுங்கள். பணத்தை வங்கி வழியாகக் கட்டி, ஜிஎஸ்டி பில் வாங்குங்கள்.

1915, ஆம்புட்ஸ்மேன்

கடிதத்துக்குப் பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலும் பேசலாம், 8800001915 என்ற எண்ணில் வாட்ஸ்அப்பிலும் பதியலாம். இது நிறுவனத்தோடு பேசித் தீர்க்கும் ஏற்பாடு, உத்தரவு போடும் அதிகாரம் கிடையாது. இருந்தாலும் சிறிய தொகைகளுக்கு முயன்று பார்க்கத் தக்கது.

பணம் தரும் பொறுப்பு இன்சூரன்ஸ் கம்பெனிக்கு இருந்து, பாலிசியில் உங்கள் பெயரும் இருந்தால் இன்னொரு வழி உண்டு. முதலில் அந்தக் கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ திருப்தி இல்லாவிட்டாலோ இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் (கம்பெனிக்கு வெளியே இருந்து இன்சூரன்ஸ் புகார்களைத் தீர்ப்பவர்) போகலாம். நிராகரிப்பிலிருந்து 1 வருடத்துக்குள் போக வேண்டும். கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை. 50 லட்சம் ரூபாய் வரை தீர்ப்புச் சொல்லலாம், அது கம்பெனியைக் கட்டும். ஆனால் அதே விவகாரம் நுகர்வோர் ஆணையத்தில் இருந்தால் எடுக்க மாட்டார்கள், அதனால் வரிசை முக்கியம். வெறும் சர்வீஸ் ஒப்பந்தமாக இருந்தால் இந்த வழி இல்லை.

நோட்டீஸும் ஆணையமும்

ஆணையம் போகும் முன் மூன்று தரப்புக்கும் நோட்டீஸ் அனுப்புங்கள், நீங்களே எழுதலாம். 2025இல் பதிவுத் தபால் ஸ்பீடு போஸ்ட்டோடு சேர்ந்துவிட்டது, எனவே ஸ்பீடு போஸ்ட்டில் டெலிவரி சான்றோடு அனுப்பி, இமெயிலிலும் அனுப்புங்கள். 15 நாள் கெடு போதும்.

புகாரை 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து 2 வருடத்துக்குள் கொடுக்க வேண்டும். மெயில் போக்குவரத்து நீண்டுகொண்டே போனால் இந்தக் கடிகாரம் நிற்காது. நீங்கள் கொடுத்த விலை 50 லட்சம் வரை இருந்தால் மாவட்ட ஆணையம். 5 லட்சம் வரை கட்டணமே இல்லை; 5 முதல் 10 லட்சம் வரை 200 ரூபாய்.

சான்றிதழில் "குருகிராம் நீதிமன்றங்களுக்கு மட்டுமே அதிகாரம்" என்றோ, நடுவர் மன்றம்தான் என்றோ போட்டிருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கச் சட்டத்தின் 34ஆம் பிரிவு வழி தருகிறது. நடுவர் மன்ற விதி நுகர்வோர் ஆணையத்தைத் தடுக்காது என்பதை எம்மார் எம்ஜிஎஃப் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2018 டிசம்பரில் உறுதிசெய்திருக்கிறது.

வரைவில் பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. "இந்த விதியே அநியாயமானது, செல்லாது என்று அறிவிக்க வேண்டும்" என்று கேட்டால் அது நியாயமற்ற ஒப்பந்தம் பற்றிய புகாராகிவிடும். அதை விசாரிக்கும் அதிகாரம் மாநில ஆணையத்துக்குத்தான். மாவட்டத்தில் கொடுப்பதானால் சேவைக் குறைபாடு, நியாயமற்ற வணிக நடைமுறை என்ற இரண்டில் நில்லுங்கள். விதி பொருந்தாது என்று வாதாடலாம்.

புகாரை நுகர்வோர் ஆணையங்களின் இ-ஜாக்ரிதி தளத்தில் ஆன்லைனில் பதியலாம். தேதிப் பட்டியல், புகார், பிரமாணப் பத்திரம், இணைப்புகள் என்ற வரிசையில் வைத்து எல்லாப் பக்கத்துக்கும் எண் போடுங்கள். கார் பில், வாரன்டி பில், சான்றிதழ், சர்வீஸ் பில்கள், ஜாப் கார்டு, ஸ்கேன் பிரின்ட், ரிப்போர்ட்டுகள், நிராகரிப்பு, மேல்முறையீடு, நோட்டீஸ், டெலிவரி சான்று ஆகியவை வேண்டும். மெயில், வாட்ஸ்அப் பிரின்ட்டுகளோடு பாரதிய சாக்ஷிய அதிநியமத்தின் (புதிய சாட்சியச் சட்டம்) 63ஆம் பிரிவின்படி மின்னணு ஆவணங்களுக்குத் தர வேண்டிய சான்றிதழையும் சேர்த்துவிட்டால் பின்னால் ஆட்சேபணைக்கு இடமிருக்காது. கேட்க வேண்டியவை: க்ளெய்ம் தொகை, பணம் கட்டிய நாளிலிருந்து வட்டி, மன உளைச்சலுக்கு இழப்பீடு, வழக்குச் செலவு. 75,000 ரூபாய் க்ளெய்முக்கு 10 லட்சம் இழப்பீடு கேட்டால் மொத்தப் புகாரின் மேலும் நம்பிக்கை குறையும்.

டாக்ஸி ஓட்டுபவர்களைப் பார்த்து "வணிக நோக்கம், நுகர்வோர் அல்ல" என்பார்கள். சொந்தப் பிழைப்புக்காகத் தானே ஓட்டும் சுயதொழிலாக இருந்தால் சட்டம் அவரை நுகர்வோராகவே ஏற்கிறது. புகாரின் முதல் பத்தியிலேயே அதை எழுதிவிடுங்கள்.

புகார் ஏற்கப்பட்டபின், புகார் நகலோடு நோட்டீஸ் கிடைத்த நாளிலிருந்து எதிர்த் தரப்பு 30 நாளில் பதிலுரை தர வேண்டும், ஆணையம் 15 நாள் கூட்டித் தரலாம். 45 நாளுக்கு மேல் கிடையாது என்று 2020இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வே சொல்லிவிட்டது. தேதியை எண்ணி வைத்து, தாண்டினால் எழுந்து சொல்லுங்கள். சோதனை தேவைப்படாத புகாரை 3 மாதத்திலும், தேவைப்படுவதை 5 மாதத்திலும் முடிக்க முயல வேண்டும் என்பது சட்டம். நடப்பில் அதைவிட நீளும் என்று எண்ணியே திட்டமிடுங்கள். நேரில் போக முடியாதவர்கள் காணொளி விசாரணைக்கு மனு கொடுக்கலாம். இலவச சட்ட உதவி தேவைப்பட்டால் 15100.

ஆணை கிடைத்தபின்

தோற்ற தரப்பு 45 நாளுக்குள் மாநில ஆணையத்தில் மேல்முறையீடு செய்யலாம். நிறுவனம் செய்தால் ஆணையிட்ட தொகையில் பாதியை முதலில் கட்ட வேண்டும். மேல்முறையீடும் இல்லை, பணமும் வரவில்லை என்றால் 71ஆம் பிரிவில் நிறைவேற்று மனு போடுங்கள். கூடவே 72ஆம் பிரிவிலும் போடலாம். ஆணையை மதிக்காதவருக்கு 1 மாதம் முதல் 3 வருடம் வரை சிறையோ, 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதமோ, இரண்டுமோ விதிக்க அதில் இடமிருக்கிறது. அந்த மனுவில் நோட்டீஸ் போனதும் பணம் வந்த வழக்குகள் உண்டு.

பணம் கணக்கில் ஏறி, மேல்முறையீட்டுக் கெடுவும் முடியும் வரை வீட்டு மூலையில் கிடக்கும் அந்தப் பழைய ஹெட்டையும் வாட்டர் பம்ப்பையும் காயலான் கடைக்குப் போட்டுவிடாதீர்கள்.